30 சதவீதத்தில் எதையெல்லாம் சேர்த்து எண்ணப் போகிறீர்கள்?

கடலில் 30 சதவீதத்தைக் காப்போம் என்று உறுதி கொடுத்த அரசுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

என் வேலை மீன் எண்ணுவது. பாறைத்திட்டின் மேல் 50 மீட்டர் அளவுநாடாவை விரிப்பேன். அதன் இரண்டு பக்கமும் மெதுவாக நீந்திக்கொண்டே, கண்ணில் படும் மீன் என்ன இனம், எத்தனை, ஏறத்தாழ என்ன நீளம் என்று நனையாத தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளே சில முறை, வெளியே சில முறை. மேலே வந்ததும் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். எது உள்ளே எழுதியது, எது வெளியே எழுதியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். தெரியாமல் போன நாட்கள் நிறைய. அந்த நாட்கள் சேர்ந்துதான் என்னை இந்த மடலை எழுத வைத்தன.

2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியலில், ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று முடிவெடுத்தீர்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். கடலுக்கு அதற்கு முன்னால் வைத்திருந்த இலக்கு வெறும் 10 சதவீதம்தான். இன்றைக்கு உலகக் கடலில் 9 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு பெயரில் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மீன்பிடிப்பும் மற்ற சேதங்களும் முழுக்கவோ பெருமளவுக்கோ நிறுத்தப்பட்ட பரப்பு மட்டும் எவ்வளவு என்று பார்த்தால் 3 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. மிச்சப் பகுதிகளில் பலவற்றை வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டியிருக்கிறோம், அவ்வளவே.

இது என் மனக்குறை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில் கடல் ஆய்வு செய்யும் கிரஹாம் எட்கரும் அவருடைய குழுவும் உலகின் பல கடல்களில் 87 காப்புப் பகுதிகளை, நான் சொன்ன அதே அளவுநாடா முறையில் எண்ணிப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதி பலன் தருவதற்கு ஐந்து குணங்கள் வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். மீன்பிடிப்பு அறவே இருக்கக் கூடாது. அதை நடைமுறையில் காவல் காக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டும். பரப்பு 100 சதுர கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். சுற்றிலும் ஆழமான நீரோ மணல்வெளியோ இருந்து மற்றத் திட்டுகளிலிருந்து பிரித்திருக்க வேண்டும். நான்கோ ஐந்தோ குணங்கள் கூடிய இடங்களில், மீன் பிடிக்கும் இடங்களோடு ஒப்பிட்டால் பெரிய மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்கு. சுறாக்களின் எடை பதினான்கு மடங்கு. ஆனால் அந்த 87இல் 59 சதவீதப் பகுதிகளுக்கு ஒன்றோ இரண்டோ குணங்கள்தான் இருந்தன. அவற்றுக்கும் மீன் பிடிக்கும் இடத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. என் இரண்டு தாள்களும் ஒன்று போல இருந்தது ஏன் என்று அந்தக் கட்டுரையைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஐரோப்பிய நிலைமை இன்னும் வருத்தம் தந்தது. அங்கே 727 காப்புப் பகுதிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவின்படி, அவற்றில் 59 சதவீதத்தில் இழுவைமடிக் கப்பல்கள் தொழில் செய்துகொண்டிருந்தன. காப்புப் பகுதிகளுக்குள் இழுவையின் அளவு வெளியே இருந்ததைவிடக் குறைந்தது 1.4 மடங்கு. கடலடியை உரசிக்கொண்டு போகும் மடி, பாறையில் ஒட்டியிருப்பதையும் மணலில் புதைந்திருப்பதையும் வாரிக்கொண்டு போகும். அது போய்வந்த தரைக்குக் காப்புப் பகுதி என்று பெயர் வைத்து, அந்தப் பரப்பையும் 30இல் சேர்த்தால், அந்த எண்ணை எப்படி நம்புவது?

சரி, உண்மையாகக் காத்தால் என்ன நடக்கும்? எனக்கு நம்பிக்கை கொடுப்பது இந்தக் கேள்விக்கான பதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூசிலாந்தின் லீ கடற்கரையில் ஐந்து சதுர கிலோமீட்டர் அளவே உள்ள ஒரு சிறு காப்பகம் இருக்கிறது. எதையும் எடுக்கக் கூடாத இடமாக அது 1975இல் அறிவிக்கப்பட்டது. அதற்காகப் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியவர் பில் பாலன்டைன் என்ற உயிரியலாளர். அப்போது அங்கே கடலடிப் பாறைகள் பல இடங்களில் மொட்டையாகக் கிடந்தன. உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்கும் கடல் முள்ளெலிகள் பெருகிப் பாசிக்காட்டை மேய்ந்து தீர்த்திருந்தன. முள்ளெலிகளைத் தின்னும் பெரிய ஸ்னாப்பர் மீன்களையும் சிங்கி இறால்களையும் மனிதர்கள் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பிடிப்பதை நிறுத்தினார்கள். மீனும் சிங்கியும் பெருத்தன, முள்ளெலிகள் குறைந்தன, பாசிக்காடு பாறைகளின் மேல் மறுபடி எழுந்தது. ஒருவரும் அங்கே போய்ப் பாசி நடவில்லை. ஆனால் அது ஓரிரு வருடத்தில் நடந்த காரியம் இல்லை. பாசிக்காடு திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மெக்ஸிகோவின் காபோ புல்மோவில் கரையோரக் குடும்பங்களே முன்வந்து கேட்டு, 1995இல் தங்கள் கடலைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 1999இல் அங்கே மீன்களை அளந்த ஆய்வாளர்கள் 2009இல் திரும்ப அளந்தபோது மொத்த எடை 463 சதவீதம் கூடியிருந்தது. அதாவது ஐந்தரை மடங்குக்கு மேல்.

மீன் பெருகினால் எதற்கு இவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் தாய்மீனின் கணக்கைச் சொல்வேன். அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ எடையுள்ள ஒரு தாய், ஒரே முறையில் போடும் முட்டைகளுக்கு ஈடு செய்ய, 2 கிலோ எடையுள்ள தாய்மீன்கள் 28 வேண்டும். அந்த 28 மீன்களின் எடை 56 கிலோ. பெரியவள் ஒருத்தியின் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வலையும் தூண்டிலும் முதலில் கொண்டுபோவது அந்தப் பெரியவளைத்தான். அவள் கிழவியாகும் வரை வாழ ஓர் இடம் வேண்டும். மூடிய கடல் என்பது அவளுக்கான இடம்.

அவளுடைய முட்டையும் குஞ்சும் எல்லைக்கோட்டில் நின்றுவிடுவதில்லை. பிலிப்பைன்ஸின் சுமிலோன் தீவில் 1974 முதல் பாறைத்திட்டின் கால் பகுதியில் மீன்பிடிக்க விடாமல் மூடி வைத்திருந்தார்கள். 1984இல் காவல் குலைந்து எல்லோரும் உள்ளே போய்ப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் நடந்ததைத் தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிடிக்கக் கிடைத்த இடம் கூடியது, ஆனால் தீவின் மொத்த மீன்பாடு ஒன்றரை ஆண்டில் 54 சதவீதம் சரிந்தது. ஏஞ்சல் அல்காலா, கேரி ரஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து 1990இல் எழுதினார்கள். மூடி வைத்த கால் பங்கு திட்டு மீதி முக்கால் பங்குக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது என்பது அதைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. நெடுந்தூரம் ஓடித் திரியும் சூரை மீனுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். ஹவாய்த் தீவுகளின் வடமேற்கே 2016இல் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட பாப்பஹானோமொகுவாகேயா காப்பகத்தின் எல்லையை ஒட்டி, மஞ்சள் துடுப்புச் சூரை கிடைக்கும் விகிதம் 54 சதவீதம் உயர்ந்ததாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது.

மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களின் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. இன்றைக்குக் கடலை மூடினால் இன்றைக்கு அடுப்பெரிய வேண்டும். பலன் வர ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகும், அந்த இடைவெளியைச் சிறு படகுக்காரர் தனியாகத் தாங்க முடியாது. அந்தச் செலவை உங்கள் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். எந்த இடத்தை மூடுவது என்று அங்கே தொழில் செய்பவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எந்தப் பாறைத்திட்டு எந்த மாதத்தில் சினை மீனால் நிறையும் என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அறிவிப்புக்கும் தடைக்கும் நடுவில் பெருங்கப்பல்களுக்கு அவகாசமும் விடாதீர்கள். பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் ஃபீனிக்ஸ் தீவுகளில், 2015 ஜனவரியில் தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் அங்கே மீன்பிடிப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. பூட்டப் போகும் கடைக்குள் புகுந்து அள்ளியது போல.

அப்புறம், காவலுக்கு ஆட்கள். போதிய பணியாளர்கள் உள்ள காப்புப் பகுதிகளில் மீன்வளம் மீண்ட அளவு, ஆள் பற்றாத இடங்களைவிட 2.9 மடங்கு என்று 2017இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு சொல்கிறது. புதிய பகுதியை அறிவிக்கும் விழாவுக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதி, ரோந்துப் படகின் டீசலுக்கும் காவலரின் மாதச் சம்பளத்துக்கும் வேண்டும். படகே இல்லாத காப்பகத்தில் ஒரு காவலர் கரையில் நின்று, தூரத்தில் விளக்கெரியும் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலுக்கான ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்தது. உலகக் கடலில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் காப்புப் பகுதிகளை அமைக்க முதல்முறையாக உலகத்துக்கே பொதுவான ஒரு வழி பிறந்திருக்கிறது. இந்த ஒப்பந்தத்தின் கீழ் அங்கே இன்னும் கோடு எதுவும் போடவில்லை. கரையோரத்தில் செய்த பிழைகளைச் செய்யாமலே தொடங்க முடிகிற இடம் அது ஒன்றுதான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தேசிய அறிக்கையில் ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்கள் தாருங்கள். அறிவித்த பரப்பு எவ்வளவு, அதில் மீன்பிடிப்பும் அகழ்வும் உண்மையில் நின்ற பரப்பு எவ்வளவு, அந்தப் பரப்பைக் காக்க இந்த ஆண்டு வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர். 30 என்று எழுதும்போது இரண்டாவது எண்ணையே எழுதுங்கள். அது 3 ஆகவோ 4 ஆகவோ இருந்தால் அப்படியே எழுதுங்கள், நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதாவது தெரியும். நீங்கள் அறிவிக்கும் பகுதிகளுக்கு உள்ளேயும் வெளியேயும் எண்ணித் தர என்னைப் போன்றவர்கள் எல்லாக் கரைகளிலும் இருக்கிறோம். எங்கள் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கடலடியில் மீன் எண்ணும் ஓர் ஆய்வாளர்