70ஆவது வளைவு வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நாமக்கல்லில் டீக்கடை வாசலில் ஒருவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தனி ஆளாகவா இதைத் தேற்றினீர்கள்?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு படுத்தபோது அந்தச் சிரிப்பு உறுத்தியது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

வண்டி 2009இல் வாங்கப்பட்ட ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க். 346 சி.சி., 5 கியர், ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு பிளக். நெடுந்தூரம் போவதற்கென்றே சாய்ந்து உட்காரும் சீட்டும் உயர்ந்த கைப்பிடியும் உள்ள வண்டி. ராசிபுரம் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் ஆறு வருடமாக நின்றிருந்தது. சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. சைலன்சர் வாயைக் குளவி மண் வைத்துப் பூசியிருந்தது.

முதல் நன்றி அந்த வீட்டு அம்மாவுக்கு. காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து எடைக்குக் கேட்டும் நீங்கள் கொடுக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தோடு, காலமான உங்கள் கணவரின் சிறிய டைரியையும் கொண்டுவந்து என் கையில் வைத்தீர்கள். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் பென்சிலில் நுணுக்கி எழுதியிருந்தார். கடைசி வரி: "கிளட்ச் கேபிள், அடுத்த மாதம்." கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், நான்கு இழைகள்தான் அறாமல் இருந்தன. அவர் தள்ளிப்போட்ட வேலையைத்தான் முதலில் முடித்தேன்.

இன்ஜின் பிடித்துக்கொண்டிருந்தது. கிக்கர் மேல் ஏறி நின்றாலும் அசையவில்லை. முதலில் விட்ட பட்டறை (பெயர் வேண்டாம்) இரண்டு மாதம் வைத்திருந்து, பாதியைக் கழற்றிச் சாக்குப் பையில் கட்டித் திருப்பித் தந்தது. போல்ட்டுகளில் பாதி பையில் இல்லை. பரமத்தி சாலை மெக்கானிக் அண்ணா, நீங்கள் அந்தச் சாக்கைத் தரையில் கொட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒவ்வொன்றாக அடுக்கினீர்கள். இரண்டு பிளக் துளைகளிலும் டீசலை ஊற்றி ஐந்து நாள் ஊறவிட்டீர்கள். ஆறாம் நாள் ஐந்தாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை உள்ளங்கையால் முன்னும் பின்னும் ஆட்டினீர்கள். ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. நான் துள்ளினேன். நீங்களோ, "நகர்ந்துவிட்டது. இனிமேல்தான் அவசரப்படக்கூடாது" என்று மறுபடி டீசல் ஊற்றி மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டீர்கள்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்போதுதான் அந்த விபரீதம். சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயை ஹெட்டோடு பிடித்திருந்த ஸ்டட் (தலையில்லாத போல்ட்) துருவேறி, ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. டிரில் போட்டு எடுத்துவிடலாம் என்றவன் நான். லேத் பட்டறைப் பெரியவரே, லாரி வேலைக்கென்றே காய்த்துப்போன உங்கள் கையால் என்னைத் தடுத்தீர்கள். "சுற்றி அலுமினியம், நடுவில் இரும்பு. டிரில் மெத்தென்ற பக்கம்தான் ஓடும், ஹெட் போய்விடும்." பிறகு அந்தத் துண்டின் தலையில் சொட்டுச் சொட்டாக வெல்டிங் வைத்து, பல் முளைப்பதுபோல் அதை வெளியே வளர்த்தீர்கள். அதன்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்தீர்கள். சிவப்பு அடங்கியதும், மின்வெட்டுக்கென்று வைத்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்து ஓரத்தில் தேய்த்தீர்கள். மெழுகு உருகி மரைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்பேனரைக் கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே என்று பொறுமையாகத் திருப்பினீர்கள். கிரீச்சென்று ஒரு சத்தம். துண்டு முழுதாக வெளியே வந்தது. மரையில் ஒரு கீறல் இல்லை. கூலி 50 ரூபாய் என்றீர்கள். அதற்கு மேல் வாங்கவே மாட்டேன் என்று சாதித்தும்விட்டீர்கள்.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். ஆனாலும் சொல்கிறேன். பெட்ரோல் டேங்கின் உள்துருவுக்கு ஏதேதோ ஆசிட் பெயர்களை நான் தேடிக்கொண்டிருந்தபோது, பித்தளைக் குடத்தை விளக்கிக்கொண்டிருந்தவள், "இதையே ஊற்றினால் என்ன?" என்றாள். பழம்புளி 3 கிலோ, வெந்நீர், ஒரு பிடி பழைய நட்டுகள். இரண்டு நாள் ஊறவைத்துக் குலுக்கியதில் காப்பி டிகாஷன்போல் துரு இறங்கியது. ஈரம் காய்ந்தால் மறுபடி துரு பிடிக்கும் என்பதால் உடனே பெட்ரோலில் ஆயில் கலந்து அலசினோம். அந்த மாதம் ரசம் சற்று நீர்த்துத்தான் இருந்தது. நான் குறை சொல்லவில்லை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் விற்கும் கடைக்காரருக்கு ஒரு தனி வணக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில், டயாபிரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வில் ஊசித்துளை விழுந்திருந்தது. அது கிழிந்தால் கார்பரேட்டருக்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் சரியாக மேலேறாது. எவ்வளவு முறுக்கினாலும் வண்டி முக்கும், போகாது. பழையது ஒன்று உங்களிடமே இருந்தது. "ரப்பரில் மட்டும் பழசு வாங்காதீர்கள் தம்பி" என்று என்னைப் புதியது விற்கும் கடைக்கு அனுப்பிவைத்தீர்கள். தன் சரக்கையே வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

15 ஆண்டுப் பதிவும் முடிந்திருந்தது. பதிவைப் புதுப்பிக்க, பெயர் மாற்ற, படிவம் 25, 29, 30, 31 என்று குழம்பி நின்றவனுக்கு, எதற்குப் பின் எது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஊழியருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் கிக்கர் உதையைக் கேட்டு எழுந்த பக்கத்து வீட்டாருக்கும் மன்னிப்போடு நன்றி.

சோதனை ஓட்டத்துக்குக் கொல்லிமலை என்று முடிவானதும் லேத் பெரியவரைத்தான் அழைத்தேன். காரவள்ளி அடிவாரத்தில் ஏறி உட்கார்ந்தவர், 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மேலே நிறுத்தியதும் இறங்கினார். காட்சியைப் பார்க்கவில்லை, மிளகுக்கொடியைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, அந்த ஸ்டட் பக்கம் புறங்கையை நீட்டிப் புகை கசிகிறதா என்று பார்த்தார்.

"கசியவில்லை. போகலாம்" என்றார்.

நன்றியுடன்,
நாமக்கல்லிலிருந்து, உங்கள் தண்டர்பேர்டுக்காரன்