சம்மதத்துக்காகக் காத்திருந்து காலம் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் குடும்பங்களில் கணவனுக்கோ மனைவிக்கோ மனநோய் வந்தால், மாதக்கணக்கில் வாக்குவாதம்தான் நடக்கிறது. "டாக்டரிடம் வாங்க" என்று கெஞ்சுவதும், "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று அவர் கத்துவதும் வாடிக்கை. ஊரார் இதைத் திமிர் என்கிறார்கள். உண்மையில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவக் கோளாறு (பைபோலார்) உள்ள பலருக்கு, தனக்கு நோய் இருக்கிறது என்று உணரும் திறனையே நோய் பறித்துவிடுகிறது. பேசிப் புரியவைக்கப் பார்த்தால் பகைதான் மிஞ்சும்.

அவர் தாமாகவே சொல்லும் குறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது தூக்கம். "தூக்கத்துக்கு மட்டும் கேட்டுப் பார்ப்போம்" என்றால் வரக்கூடும். தயவுசெய்து மாத்திரையைக் குழம்பில் கலக்காதீர்கள். தெரிந்துவிட்டால் உங்கள் கையால் சாப்பிடவே மாட்டார். இருதுருவக் கோளாறுக்குத் தரும் லித்தியம் போன்ற மருந்துக்கு ரத்தப் பரிசோதனை இல்லாமல் அளவு வைக்கவும் முடியாது; பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு.

எதற்கும் மசியவில்லை, ஆபத்து முற்றுகிறது என்றால் சம்மதம் இல்லாமலே சிகிச்சைக்குச் சேர்க்க, தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் துணைக்கு வரும். தமக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு செய்யக்கூடும் என்ற நிலை மட்டுமல்ல, அவருடைய பணத்தையும் நற்பெயரையும் காக்கவேண்டிய நிலையும் இதில் அடங்கும். கணவனோ மனைவியோ சேர்ந்து வாழும் துணையோ எம்.எச்.சி.ஏ. 04 என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, உறுதிமொழி அலுவலர் (கமிஷனர் ஆஃப் ஓத்ஸ்) முன் கையெழுத்திட்டு, மருத்துவமனையில் கொடுக்கலாம். போலீஸ் நிலையத்திலேயே அந்த அலுவலர் இருப்பார்.

பலர் சறுக்குவது ஒரு விதியில்: விண்ணப்பிப்பவர் முந்தைய ஏழு நாளுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். அடிக்குப் பயந்து தாய்வீடு போய்ப் பத்து நாளான மனைவி கையெழுத்திட முடியாது. அவரைத் திரும்ப அந்த வீட்டுக்குள் அனுப்பாதீர்கள். அந்த வாரம் பார்த்த மாமனாரோ மாமியாரோ, அதாவது நோயாளியைப் பெற்றவர்கள், கையெழுத்துப் போடட்டும். எழுதும்போது "பைத்தியம் மாதிரி நடக்கிறார்" என்பது பயன்படாது. "செவ்வாய் இரவு 2 மணிக்கு காஸைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டார் நம்மை ஒட்டுக்கேட்கிறார்கள் என்றார்" என்று நாள், நேரம், சொன்ன சொல் எல்லாம் வேண்டும். இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

இரண்டு மனநலப் பணியாளர்கள் தனித்தனியே பரிசோதித்து, மருத்துவமனைத் தலைவர் ஒப்பினால் 72 மணி நேரக் கண்காணிப்பு தொடங்கும். கத்தியோடு நிற்கும் வேளையில் படிவம் தேடவேண்டாம். போலீஸை அழைத்து, இதே சட்டத்தின் "40-ஆம் பிரிவு" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிடித்து மருத்துவமனையில் ஒப்படைக்க அது அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. "குடும்பச் சண்டை" என்று திரும்பிப் போவது அப்போதுதான் குறையும்.

வீட்டுக்கு அனுப்பும்முன் டாக்டரிடம் நீண்டநாள் ஊசியைப் பற்றி விசாரியுங்கள். மனச்சிதைவுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. அது பொருந்தினால் தினமும் மாத்திரைக்காக நடக்கும் போராட்டம் வீட்டைவிட்டுப் போகும்.

இப்படிக்கு,
மனநலச் செவிலியர் ஒருவர்,
டர்பன்