என் கடைசி நாட்களைப் பற்றி உனக்கு

கண்ணு,

போன வாரம் போனில் இதை எடுத்ததும், "இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு" என்று நீ வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நன்றாக இருக்கும்போதுதான் இதை நிதானமாகச் சொல்ல முடியும்.

அப்பாவின் கடைசி 11 நாட்கள் உனக்கு நினைவிருக்கும். நீ வந்து சேர்வதற்கு முந்தைய இரவு நடந்தது உனக்குத் தெரியாது. ஐ.சி.யூ. வாசலில் ஓர் இளம் டாக்டர் காகிதத்தை நீட்டி, வென்டிலேட்டர் வைக்கலாமா, உடனே சொல்லுங்கள் என்றார். 40 வருடம் கூடவே வாழ்ந்தவள் நான். அவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் நாங்கள் அதைப் பேசியதில்லை. கையெழுத்துப் போட்டேன். தொண்டையில் குழாய் போனபிறகு அவர் குரலையே நான் கேட்கவில்லை. சரியாகத்தான் செய்தேனா என்று இன்றும் சில இரவுகளில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கு அப்படி ஓர் இரவு வரக் கூடாது.

நான் பிழைத்து எழ வாய்ப்பு இருந்தால் எல்லாச் சிகிச்சையும் வேண்டும். வயதாகிவிட்டது என்று யாரும் விட்டுவிட வேண்டாம். நடக்க முடியாமல் போனாலும், உங்களை அடையாளம் தெரிந்து நாலு வார்த்தை பேச முடிந்தால் எனக்கு அது வாழ்க்கைதான். டாக்டர்களே உறுதியாகச் சொல்ல முடியாத நிலை என்றால், நாள் குறித்து முயன்று பார்க்கச் சொல். எது தேறினால் தொடர்வது, எத்தனை நாள் பார்ப்பது என்று மெஷின் வைப்பதற்கு முன்பே கேட்டு வை. தேறவில்லையா, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடு. அப்போது என்னைக் கொண்டுபோவது நோய்தான், நீ இல்லை. இதை நீ எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படித்துக்கொள்.

தீராத நோயின் முடிவில் என் இதயம் நின்றால் மார்பை அழுத்தி ஓட வைக்க வேண்டாம். திடீரென்று விழுந்தவருக்கு அது உயிர் கொடுக்கும். தளர்ந்துபோன உடம்பில் பெரும்பாலும் பலிப்பதில்லை, விலா எலும்புகள்தான் முறியும்.

அப்புறம் சாப்பாடு. நான் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்துத்தான் நீ அதிகம் துடிப்பாய். உடம்பு அடங்கும் காலத்தில் பசியும் தாகமும் தானாகவே குறைந்துவிடுமாம். மறதி நோய் முற்றிய நிலையில் மூக்கிலோ வயிற்றிலோ குழாய் வைத்து ஊட்டுவதால் ஆயுள் கூடுவதாகவும் தெரியவில்லை. எனக்கு அந்தக் குழாய் வேண்டாம். நான் வாய் திறந்தால் ஸ்பூனால் கொஞ்சம் கொடு. இல்லையென்றால் உதட்டை நனைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்.

வலி மட்டும் இருக்கக் கூடாது. மார்ஃபின் என்றதும் பயந்துவிடாதே, அளவறிந்து கொடுத்தால் அது உயிரை எடுப்பதில்லை. வலி தணிப்புச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நானும்தான் நினைத்திருந்தேன். முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களைப் பற்றி 2010-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தேன். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இதையும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சை எடுத்தவர்களும் அவர்களில் குறைவு. அதனால் கடைசி வாரம் வரை காத்திருக்காதே, முன்னாலேயே கேள்.

எனக்காகப் பேசும் ஆளாக உன் பெயரை எழுதியிருக்கிறேன். அண்ணன் மனசு உனக்குத் தெரியும். என்னை விட முடியாமல் எதற்கும் சரி என்பான். அவனிடம் இதை நானே சொல்லிவிட்டேன், கொஞ்சம் அழுதான், அப்புறம் ஒத்துக்கொண்டான். சாட்சிகளோடு கையெழுத்திட்ட பத்திரம் பீரோவின் மேல்தட்டில் நீல உறையில் இருக்கிறது. ஒரு நகல் என் டாக்டரிடம், இன்னொன்று இந்தக் கடிதத்தோடு. என் மனம் மாறினால் மாற்றி எழுதி அனுப்புவேன். நினைவோடு இருக்கும்வரை நான் வாயால் சொல்வதுதான் முதலில், பத்திரம் அதற்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அண்ணனையும் சேர்த்துக்கொள்வோம். உனக்கு ஒப்பாத இடம் இருந்தால் குறித்து வை. நீ எவ்வளவு நேரம் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

அம்மா