முட்டியில் கிரீஸ் தீர்வதில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோவை கணபதியில் புதுப் பட்டறை ஓட ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆத்தாளுக்கு முட்டியில் கிரீஸ் தீர்ந்துவிட்டது, ஊசி போட்டு நிரப்பலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடு.

அவர்கள் கிரீஸ் என்று சொல்லும் மூட்டுநீர், நல்ல முட்டியிலேயே ஒரு தேக்கரண்டிக்குக் குறைவுதான். வீங்கிய முட்டியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், அப்படியும் வலிக்கிறது. அழற்சியில் ஊறும் நீர் நீர்த்துப்போனது. அதிலுள்ள ஹயலூரோனிக் அமிலச் சங்கிலிகள் அறுபட்டுக் குட்டையாகிவிடுவதால் கொழகொழப்பு போய்விடுகிறது. ஆக, அளவு குறைந்து வந்த கோளாறு அல்ல இது.

பாரத்தைத் தாங்குவது எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புதான். முட்டியில் அதன் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர், அதில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரை இழுத்து வைத்திருப்பது அக்ரிகன் என்ற புரதம், அது உப்பிப் பிரியாமல் கட்டி வைப்பது கொலாஜன் நார். துளைகள் நானோமீட்டர் கணக்கில் நுண்ணியவை. காலை ஊன்றியதும் தண்ணீர் சட்டென்று ஓட வழியில்லாமல், மெல்லத்தான் கசிய முடிவதால், அழுத்தம் ஏறி, பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறது. திடப்பொருள் உரசுவது மீதிக்குத்தான். உரசலை அளக்கும் உராய்வு எண் 0.01க்கும் கீழே இறங்குவது இதனால்தான். தண்ணீர் இப்படிக் கசிந்து பாரம் தாங்குவதை 1959இல் மெக்கட்சன் என்ற ஆய்வாளர் விளக்கினார்.

உன் சப்மெர்சிபிள் மோட்டாரில் பாரம் தாங்கும் திரஸ்ட் பேரிங்கும் தண்ணீரில்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே வேகம் பிடித்தால்தான் கார்பனுக்கும் எஃகுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் எழும். ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும்தான் தேய்மானம். முட்டியில் பாரம் விழும் கணத்திலேயே உராய்வு மிகக் குறைவு. அசையாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் மெல்லக் கசிந்து, பாரம் நாருக்கு மாறி, உராய்வு பத்து மடங்குக்கு மேல் ஏறும். அந்நேரம் காப்பது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் லூப்ரிசின் என்ற புரதமும் கொழுப்புப் படலமும். லூப்ரிசின் மரபணுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மூட்டுகள் கெடுகின்றன. அந்த மெல்லிய படலம் அவ்வளவு முக்கியம்.

நடக்கும்போது தொடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பாரம் விலகிய இடம் தண்ணீரை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். ரத்தக்குழாய் இல்லாத இந்தத் திசுவுக்குச் சத்து போய்ச் சேருவதற்கும் இந்த அசைவு வேண்டும். மேலடுக்கு நார் பிரிந்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கசியும், நார்மேல் பாரம் கூடும், நார் இன்னும் பிரியும். தேய்மானம் வேகம் பிடிப்பது இப்படித்தான்.

ஊசியில் ஏற்றும் ஹயலூரோனிக் அமில ஜெல் அங்கேயே தங்காது. நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ கரைந்து போய்விடும். சிலருக்கு வலி குறையும், ஆனால் போன குருத்தெலும்பு திரும்ப முளைக்காது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகம் 2021 வழிகாட்டுதலில், முட்டித் தேய்மானத்துக்கு இதை வழக்கமாகப் போட வேண்டாம் என்றே சொல்கிறது. என் கருத்தும் அதுதான்.

ஆத்தாளைச் சும்மா உட்கார வைக்காதே. நாற்காலியை விட்டு எழும் முன் காலைத் தொங்கவிட்டு 20 தடவை ஆட்டச் சொல். தொடைத் தசைக்கு, உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்கட்டும். காலுக்கு 10 தடவை, ரெண்டு வேளை. வெள்ளென சமதரையில் சித்த நேரம் நடக்கட்டும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் பாரம் சுமார் 4 கிலோ குறையும். குத்தவைத்து உட்காருவதை மட்டும் தவிர்க்கட்டும். திருப்பூரில் செக்கிங் மேஜையில் நிற்கும் உன் தங்கச்சியையும் அரை மணிக்கு ஒருதரம் நாலு எட்டு நடந்துவரச் சொல். முட்டி சுட்டு, சிவந்து, காய்ச்சலும் வந்தால் அது வேறு சமாச்சாரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

எக்ஸ்ரே படுக்கவைத்து எடுத்ததா, நிற்கவைத்து எடுத்ததா என்று பார். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். படுத்தால் பாரம் இல்லாமல் அந்த இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியும். படுத்து எடுத்தது என்றால் நிற்கவைத்து ஒன்று எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மச்சான்