ஆழ்கடல் எரிவாயுவில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

திருநெல்வேலி நாடாளுமன்ற உறுப்பினருக்கும், ராதாபுரம், நாங்குநேரி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேட ஓ.என்.ஜி.சி.க்கு மூன்று கடல் பகுதிகளை ஒன்றிய அரசு ஒதுக்கியிருக்கிறது. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 27,000 சதுர கிலோமீட்டர். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "நம்ம ஊர்ப் பையன்களுக்கு வேலை கிடைக்கும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வளைகுடாவில் எரிவாயுக் கிணறுகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். வேலை என்ற ஒரு சொல்லை நம்பி இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

ஆழ்கடலில் துளை போடும் கப்பலில் இருநூறு பேர் அளவில்தான் இருப்பார்கள். துளை போடும் டிரில்லர், கோபுரத்தின் மேல் நின்று குழாய்களைக் கையாளும் டெரிக்மேன், கிரேன் ஆபரேட்டர், துளைக்குள் செலுத்தும் சேற்றுக் கலவையைக் கவனிக்கும் மட் இன்ஜினியர் எல்லாம் பல வருட அனுபவம் உள்ளவர்கள். கப்பலோடு வருவார்கள், கப்பலோடு போவார்கள். ஒரு கிணறு சில மாதங்களில் முடியும். வாயு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கப்பல் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும். புதிதாகச் சேருகிறவனுக்கு மிஞ்சுவது சமையல்கட்டு, துப்புரவு, பெயின்ட், சாமான் ஏற்றி இறக்குவது. அதற்குக்கூட, கடலில் உயிர் தப்பும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவனை ஹெலிகாப்டரில் ஏற்ற மாட்டார்கள். அந்தப் பயிற்சியில் ஹெலிகாப்டர் போன்ற கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார வைத்து, குளத்தில் இறக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டைக் கழற்றி, வெளியே வர வேண்டும். உவரியிலும் இடிந்தகரையிலும் கடலிலேயே வளர்ந்த பையன்களுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. வெளியூரில் தங்கிப் படிப்பதற்கான பணம்தான் பெரிய காரியம். வேலை தருகிறோம் என்பவர்கள் நம் ஐ.டி.ஐ. பையன்களுக்கு இந்தப் பயிற்சியை இப்போதே தங்கள் செலவில் கொடுக்கட்டும். அதற்குத் தயங்கினால் அந்த வாக்குறுதிக்கு என்ன மதிப்பு?

கப்பலுக்கு டீசல், சிமென்ட், இரும்புக் குழாய், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்துதான் போக வேண்டும். லாரி, குடோன், வெல்டிங் பட்டறை, லாட்ஜ் என்று காசு புழங்குவது அங்கேதான். அது தூத்துக்குடியா, கொச்சியா, விழிஞ்ஞமா? இதை எழுத்தில் வாங்குங்கள். கேரளத் துறைமுகம் என்றால் நம் வட்டாரத்துக்கு வரும் வியாபாரம் கொஞ்சநஞ்சம்தான்.

அப்புறம் ராயல்டி, அதாவது எடுக்கும் வாயுவுக்கு நிறுவனம் அரசுக்குக் கட்டும் பங்கு. நிலத்தில் எடுக்கும் எரிவாயுவுக்கு 10 சதவீதம் மாநில அரசுக்குக் கிடைக்கும். கடலில் எடுப்பதன் ராயல்டி ஒன்றிய அரசுக்குப் போகிறது. அதிலும், 2016இல் வந்த கொள்கைப்படி, மிக ஆழமான கடல் என்றால் முதல் 7 வருடம் ராயல்டியே இல்லை, அதன் பிறகு வெறும் 2 சதவீதம். ராதாபுரம் பக்கம் மலையை உடைக்கும் கல் குவாரிக்குக்கூட சுற்றியுள்ள ஊர்களின் நலனுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. பள்ளிக்கூடத்துக்கோ கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்கோ ஒரு ரூபாய் கேட்கக்கூட நமக்குச் சட்டத்தில் இடமில்லை. நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்க வேண்டியது இதைத்தான். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுத்த 2020ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நம் மாவட்டம் இல்லை. ஆகவே அந்த நிழலும் நமக்குக் கிடையாது.

இன்றைக்கு இருக்கிற வேலையை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? கூட்டப்புளி, பெருமணல், கூத்தன்குழி என்று கரை நெடுக ஒரு வள்ளம் கரையேறினால் ஏலம் விடுபவர், ஐஸ் போடுபவர், வலை சீர் செய்பவர், கூடையில் மீன் எடுத்துப் போய் ஊர் ஊராக விற்கும் அக்காமார் என்று அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கேதான் வாட்ஜ் திட்டும் இருக்கிறது. 1976இல் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கென்று உறுதி செய்த மீன்வளத் திட்டு அது. துளை போடும் முன்பே, கடலடியில் எங்கே வாயு இருக்கலாம் என்று அறிய, தண்ணீருக்குள் காற்றுத் துப்பாக்கி வெடித்து ஒலி அதிர்வு ஆய்வு செய்வார்கள். 1990களில் பாரென்ட்ஸ் கடலில் நார்வேக்காரர்கள் சோதித்துப் பார்த்தபோது, அந்த ஆய்வு நடந்த சமயத்தில் காட் மீன்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆய்வு முடிந்து சில நாள் ஆகியும் பழைய நிலைக்கு வரவில்லை. அதுபோல இங்கேயும் நடந்தால் அந்த நாட்களின் கூலியை யார் தருவார்கள்? வள்ளக்காரருக்கு மட்டுமா, கூடை சுமக்கும் அக்காவுக்கும் சேர்த்தா? எனக்கு மனம் பதறுவது இந்த இடத்தில்தான்.

எத்தனை பேருக்கு, என்ன வேலை, எத்தனை மாதம், ஒப்பந்தக்காரரிடமா நேரடியாகவா என்று நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, தமிழில் அச்சடித்து, கடற்கரை ஊராட்சிகளின் கிராமசபையில் வாசியுங்கள். மீன்பாட்டு இழப்பீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லுங்கள். இவை கைக்கு வரும்வரை நீங்கள் மூவரும் எந்த மேடையிலும் இந்தத் திட்டத்துக்கு ஆதரவாகப் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டத்து வாக்காளர் ஒருவர்