கஜகஸ்தானுக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பல நாடுகளின் பதிப்புரிமைக் காலத்தை அட்டவணையாகப் போட்டிருந்தீர்கள். கஜகஸ்தானுக்கு நேரே 'ஆசிரியர் இறந்தபின் 70 ஆண்டு' என்று ஒரே வரி. அது தப்பில்லை. ஆனால் அந்த நாட்டுச் சட்டத்தில் மிக முக்கியமானது என்று நான் கருதும் ஒன்று விடுபட்டுப் போயிற்று. பல வருடம் மெய்ப்பு பார்த்தவன் நான். விடுபட்டதைக் கண்டால் சும்மா இருக்க முடிவதில்லை.

அங்கே பதிப்புரிமைச் சட்டம் வந்தது 1996 ஜூனில். முதலில் 50 ஆண்டு என்று வைத்து, 2005-இல் 70 ஆக்கினார்கள். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து எண்ண வேண்டும். நம் நாட்டில் 60 ஆண்டு. எண்ணும் முறை இதேதான். ஆனால் அரசின் அடக்குமுறைக்கு ஆளாகி, இறந்த பிறகு குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்ட எழுத்தாளருக்கு மட்டும் அங்கே வேறு கணக்கு. அவர் மேல் இருந்த களங்கம் நீங்கிய ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்துதான் ஆண்டுகள் ஓடத் தொடங்கும்.

ஏன் இப்படி என்பதற்கு அஹ்மெத் பைதுர்சினுலியின் கதையே போதும். கஜக் மொழியின் ஒலிகளுக்கு ஏற்ப அரபு எழுத்தைச் சீர்திருத்தியவர், பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடநூல்கள் எழுதியவர். ஸ்டாலின் காலத்தில், 1937 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 1988-இல். இப்போது கூட்டிப் பாருங்கள். இறந்த ஆண்டை வைத்து எண்ணினால், சட்டம் முதலில் வைத்த 50 ஆண்டு 1987 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதாவது, அவர் பெயருக்கு விடுதலை கிடைத்தபோது உரிமைக் காலம் காலாவதியாகி சில மாதங்கள் ஆகியிருக்கும். சோவியத் சட்டத்தில் நெடுங்காலம் வாரிசுகளுக்கு இருந்ததோ வெறும் 15 ஆண்டு. அந்தப் பதினைந்தும் அவர் புத்தகம் தடையில் இருந்தபோதே கழிந்துவிட்டது. புதிய சட்டத்தின் கணக்கு 1989 ஜனவரி 1-இல் தொடங்கி 2058 கடைசி வரை போகிறது. கவிஞர் சாகென் செய்ஃபுல்லினை 1938-இல் கொன்றார்கள், 1957-இல் களங்கம் நீக்கினார்கள். அவருக்கு 2027 வரை.

இப்படிக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் பட்டதும் கொஞ்சமல்ல. 'தேசத் துரோகிகளின் மனைவியர்' என்று முத்திரை குத்திப் பெண்களை அடைத்து வைக்க அக்மோலாவில் தனி முகாமே இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய், 'உங்கள் உரிமைக் காலம் முடிந்துவிட்டது, நீங்கள்தான் கேட்கவில்லை' என்று எந்த மனுஷனாவது சொல்வானா? அச்சேற விடாமல் தடுத்த வருடங்களைச் சட்டம் கணக்கிலிருந்து கழிக்கிறது. இதைவிட நியாயமாக ஒரு சட்டத்தை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. படைத்தவர் இவர்தான் என்ற உரிமைக்கும், அவர் பெயருக்கும், நற்பெயருக்கும் அங்கே காலவரம்பே கிடையாது. நாட்டுப்புறப் படைப்புகளுக்கோ பதிப்புரிமை இல்லை. சொல்லக் கூடாத பெயராகிவிட்ட ஒரு கவிஞரின் பாட்டைக் கொஞ்ச காலம் போனால் ஊர்ப்பாட்டு என்றே நினைத்துவிடுவார்கள். பெயருக்குக் காலவரம்பு இல்லாததன் அருமை அங்கேதான் புரிகிறது.

இத்தனை காலம் உரிமையை நீட்டினால் நூல்கள் பரவாமல் போய்விடாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சரி, மறுபதிப்புக்கு வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்தான். ஆனால் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் மேற்கோள் காட்ட அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. பாடநூலில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கவும் வழி இருக்கிறது. மீதிக்கு வாரிசுகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே இந்த விவரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 1987, 1988 என்ற அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்