அந்நிய ஊரில் பேச்சுக் கொடுக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாக வெளிநாடு செல்லும் இளைஞர்களுக்காகத் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் அண்மையில் வெளியான அறிவுரைகளுள், ‘முன்பின் தெரியாத எவரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்’ என்ற ஒன்றைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதியே அது சொல்லப்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், முதுகில் ஒரு பையுடன் தனியே புறப்படுகிறவர் அந்த ஊர் மனிதர் ஒருவருடனும் பழகாமலேயே திரும்புவது பெரிய இழப்பு. யாரிடமும் பேசாதே என்பதைவிட, யாரிடம், எங்கே, எப்படிப் பேசலாம் என்று சொல்லிக்கொடுப்பதே அவர்களுக்கு உதவும். வியட்நாமின் தலைநகரான ஹனோயில் தனியே தங்கிப் பழகியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஹனோயின் நடுவில் இருக்கும் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில், 2016 செப்டம்பரில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை வண்டிகளை விடுவதில்லை. ஊரே நடந்துவரும் அந்த நேரத்தில், ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் கல்லூரி மாணவர்கள் வெளிநாட்டவரைத் தேடி வருகிறார்கள். பத்து வயதுதான் இருக்கும் ஒரு சிறுமி என்னிடம் வந்து, நோட்டில் வரிசையாக எழுதிவைத்திருந்த கேள்விகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். என் பதிலைக் கேட்டதும் அந்தக் கேள்விக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். சற்றுத் தள்ளி நின்ற அவளுடைய தாய்க்கு ஆங்கிலம் வராது. கேள்விகள் முடிந்தபின் அவரே அருகில் வந்து, கையிலிருந்த கொய்யாத் துண்டுகளை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு எனக்குக் கொடுத்தார். இறகு செருகிய சிறு தக்கையைக் கீழே விழாமல் காலால் உதைத்து ஆடும் ஆட்டமும் ஏரிக்கரையில் காலை, மாலை இரு வேளையும் நடக்கும். அருகில் நின்று சிறிது நேரம் பார்த்தால் போதும், வட்டத்தில் இடம் விட்டு அழைத்துக்கொள்வார்கள். அங்கே பேசுவதற்கு மொழியே வேண்டியதில்லை.

இதை அமைப்பாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2006இல் தொடங்கிய ‘ஹனோய்கிட்ஸ்’ என்னும் மாணவர் தன்னார்வக் குழு, முன்பதிவு செய்யும் வெளிநாட்டவருக்குக் கட்டணமின்றி ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. நுழைவுச் சீட்டு, போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவை விருந்தினர் ஏற்றுக்கொண்டால் போதும். 1070இல் எழுப்பப்பட்ட இலக்கியக் கோயிலில், ஆமைச் சிற்பங்களின் மேல் நிற்கும் 82 கல்வெட்டுகளையும் காட்டி, மன்னர் காலத்து அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்கள் இவை என்று ஒரு மாணவி விளக்கும்போது, பேச்சு தானாகவே அவளுடைய தேர்வு, வேலை, வீட்டுக் கவலை என்று நகர்ந்துவிடும். நட்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம்மவர்களின் பயணத் திட்டமே இதற்குப் பெரும்பாலும் இடங்கொடுப்பதில்லை. இன்று ஹனோய், நாளை ஹாலோங் விரிகுடா, மறுநாள் சாப்பா என்று ஓடுகிறவருக்கு யார் நண்பராவார்? 2023 ஆகஸ்ட் முதல் வியட்நாம் 90 நாள் வரைக்கும் மின்விசா தருகிறது. அவ்வளவு விடுப்பு எவருக்கும் கிடைக்காது என்றாலும், இருக்கிற நாட்களை ஒரே ஊரில் செலவிடலாமே. நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு ஐஸ் தேநீர் விற்கும் பாட்டியிடம் தினமும் ஒரே நேரத்துக்குச் சென்று உட்காருங்கள். சில நாட்களில் அவர் கேட்காமலே தம்ளரை நீட்டுவார். பக்கத்தில் உட்காரும் வாடிக்கையாளர்களும் உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பார்கள். வயதையும், திருமணம் ஆயிற்றா என்பதையும் முதலிலேயே கேட்பார்கள். நம் கிராமத்துப் பெரியவர்கள் கேட்பதைப் போல அக்கறையில் கேட்பதுதான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைவ உணவுக்காரர்கள் சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டியிருக்கும் என்று அஞ்சவும் தேவையில்லை. சந்திர மாதத்தின் 1ஆம் நாளிலும் 15ஆம் நாளிலும் பௌத்த மரபைப் பின்பற்றும் பலர் அங்கே இறைச்சி உண்பதில்லை. அன்று சைவ உணவகங்களில் கூட்டம் நெரியும், மேசையைப் பகிர்ந்துகொள்ளாமல் இடம் கிடைக்காது. பக்கத்தில் இருப்பவர் எந்தக் குழம்பை எதனுடன் சேர்த்து உண்பது என்று காட்டித் தருவார்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவர்களுடன் நடைப்பயணம் போனபோது மழையில் ஒதுங்க இடமின்றித் தவித்த அனுபவத்திலிருந்துதான் இளைஞர் விடுதி என்ற எண்ணத்துக்கு வந்தார். 1912இல் ஆல்டெனா கோட்டையில் அத்தகைய விடுதி திறக்கப்பட்டது. ஒருவரோடு ஒருவர் கலந்து பழகவும் இடம் தந்த அந்த ஏற்பாடு, இன்று பல விடுதிகளில் மதுக்கூடத்தின் மேல்மாடியாகச் சுருங்கிவிட்டது என்பது என் கருத்து. பொதுச் சமையலறை உள்ள விடுதியைத் தேடிப்பிடியுங்கள் என்பேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவது, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடக் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு எளிது.

கட்டுரையாளர் சொல்லும் ஆபத்துகள் கற்பனை அல்ல. ஷாங்காயின் நாஞ்சிங் சாலையில் இனிக்க இனிக்கப் பேசித் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய்ப் பெருந்தொகைக்கு ரசீது நீட்டுவதும், இஸ்தான்புல்லின் தக்சிம் பகுதியில் மதுக்கூடத்துக்கு அழைத்துப்போய் அதையே செய்வதும் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. லாவோஸின் வாங் வியெங்கில் 2024 நவம்பரில், மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் உயிரிழந்ததையும் மறக்கக் கூடாது. இவற்றில் ஏமாற்று வேலைகளை உற்றுப்பார்த்தால், வலிய வந்து பேசுகிறவரே போகவேண்டிய இடத்தையும் முடிவு செய்கிறார். ஏரிக்கரையில் பேச வருகிற மாணவரோ உங்களை எங்கும் அழைப்பதில்லை. நின்ற இடத்திலேயே பேசிவிட்டுப் போகிறார். ஆகவே, பேச்சு எவ்வளவு நீண்டாலும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அது பலர் நடமாடும் இடமாக இருக்கட்டும். உங்கள் பங்குக்கான பணத்தை நீங்களே கொடுங்கள். மூடி திறந்த பானத்தைப் பிறர் கையிலிருந்து வாங்காதீர்கள். பெண்கள் மகளிர் மட்டும் தங்கும் அறையைக் கேட்டுப் பெறுவதும், யாரைச் சந்திக்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை விடுதி வரவேற்பறையிலும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புவதும் நல்லது. இவற்றைக் கடைப்பிடித்த எனக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்பதோடு, ஹனோயில் கிடைத்த தோழி ஒருத்தி இன்றும் புத்தாண்டுக்குத் தவறாமல் அழைத்துப் பேசுகிறாள்.

தங்கள் பயணப் பகுதியில் ஒவ்வொரு ஊரைப் பற்றியும் எழுதும்போது, காண வேண்டியவை, வாங்க வேண்டியவை என்பவற்றோடு, அந்த ஊர் மக்கள் மாலையில் எங்கே கூடுகிறார்கள், மாணவர் குழுக்கள் உண்டா, பொதுச் சமையலறை உள்ள விடுதிகள் எந்தப் பகுதியில் இருக்கின்றன, அங்கே வழக்கமாக நடக்கும் ஏமாற்று வேலைகள் எவை என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.